டாரட் கத்துக்க ஆசையா? முதல் சீட்டுக்கட்டையும் முதல் புத்தகத்தையும் இப்படித் தேர்ந்தெடுங்க!

ஆன்லைன் கடையில் 'டாரட் கார்டு' என்று தேடிப் பாருங்கள். பூனை டாரட், டிராகன் டாரட், தங்க ஓரம் வைத்த டாரட், இருட்டில் மின்னும் டாரட் என்று பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருக்கும். படம் அழகா இருக்கே என்று ஒன்றை ஆர்டர் பண்ணிவிடுவோம். கூடவே அதிக ஸ்டார் வாங்கிய புத்தகம் ஒன்று. வீட்டுக்கு வந்ததும்தான் சிக்கலே ஆரம்பிக்கும். புத்தகம் ஒரு படத்தை விவரிக்கும். கையில் இருக்கும் சீட்டில் வேறு படம் இருக்கும். புத்தகத்தில் 8 என்று போட்டிருப்பது சீட்டில் 11 ஆக இருக்கும். நாலு நாள் மல்லுக்கட்டிவிட்டு, 'நமக்கெல்லாம் இது வராது' என்று பெட்டியை அலமாரியில் வைத்துவிடுவோம். உண்மையில் தப்பு உங்கள் மேல் இல்லை. சீட்டுக்கட்டுக்கும் புத்தகத்துக்கும் ஜோடிப் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பேசிவிடலாம். டாரட் எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. பிறகு ஏன் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறீர்களா? மனதில் ஓடும் குழப்பத்தை ஒரு படத்தின் முன் வைத்துப் பேசிப் பார்க்க இது உதவுகிறது. கலை, வரலாறு, கதை எல்லாம் கலந்த பொழுதுபோக்காகவும் இதை ரசிக்கலாம். நம்பிக்கையோடு கற்றாலும், சும்மா ஒரு ஆர்வத்தில் கற்றாலும், சரியான சீட்டையும் புத்தகத்தையும் வாங்குவது எப்படி என்பதற்குப் பதில் ஒன்றுதான். வாங்க, பார்ப்போம்.

சீட்டு விளையாட்டாகப் பிறந்தது!

டாரட் எகிப்திய ரகசியம், பல்லாயிரம் வருட ஞானம் என்றெல்லாம் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும். நம்பிவிடாதீர்கள். இது பிறந்தது 15-ம் நூற்றாண்டில், வட இத்தாலியில். சாதாரணச் சீட்டுக்கட்டோடு படம் வரைந்த துருப்புச் சீட்டுகளைச் சேர்த்து ஆடிய விளையாட்டுதான் டாரட். மிலன் நகரை ஆண்ட விஸ்கோன்ட்டி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காகக் கையால் வரைந்த சீட்டுகளில் ஒரு பகுதி இன்றும் நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது.

எகிப்துக் கதையைக் கிளப்பியவர் கூர் து ஜெப்லான் என்ற பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1781. எகிப்தியச் சித்திர எழுத்துகளை ஷாம்போலியோன் படித்துக் காட்டியதோ 1822-ல்தான். அதாவது, யாராலும் படிக்க முடியாத எழுத்தைச் சாட்சியாக வைத்துச் சொன்ன கதை அது. அதன் பிறகு எத்தெயா என்ற புனைபெயர் கொண்ட பாரிஸ்காரர் 1785-ல் டாரட்டை வைத்துக் குறி பார்ப்பது பற்றிப் புத்தகமே போட்டார். இதை இன்றும் வெறும் சீட்டாட்டமாக ஆடுபவர்கள் பிரான்ஸில் நிறைய இருக்கிறார்கள்.

இந்த வரலாறு நமக்கு எதற்கு? 'ரகசியம்', 'தெய்விகம்' என்று சொல்லி அதிக விலை கேட்கும்போது அசராமல் இருப்பதற்குத்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கணும்?

டாரட் என்றால் 78 சீட்டுகள். இதில் 22 சீட்டுகள் மேஜர் ஆர்கானா. முட்டாள், மந்திரவாதி, காதலர்கள், மரணம், கோபுரம், சூரியன், உலகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தக் காலத்துத் துருப்புச் சீட்டுகள் இவைதான்.

மீதி 56-ம் மைனர் ஆர்கானா. வாண்ட்ஸ், கப்ஸ், ஸ்வார்ட்ஸ், பென்டக்கிள்ஸ் என்று நான்கு இனங்கள். தமிழில் கோல், கோப்பை, வாள், காசு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் இனத்திலும் ஏஸ் முதல் 10 வரை எண் சீட்டுகள். அப்புறம் பேஜ், நைட், குயின், கிங் என நான்கு அரசவைச் சீட்டுகள். ஆக 14. நாலு பதினாலு ஐம்பத்தாறு. கணக்கு சரியா?

பெட்டியில் 78 இல்லை என்றால், அது வேறு ஏதோ. 'ஆரக்கிள்' சீட்டுகளுக்கு எண்ணிக்கையும் கிடையாது, பொது விதியும் கிடையாது. ஓவியர் வைத்ததுதான் சட்டம். 'லெனார்மண்ட்' 36 சீட்டு கொண்ட தனிக் குடும்பம். இரண்டும் மோசமில்லை. ஆனால், டாரட் புத்தகத்தை வைத்துக்கொண்டு இவற்றைப் படிக்க முடியாது. கடைகளில் எல்லாம் ஒரே தட்டில் அடுக்கியிருக்கும் என்பதால், பெட்டியில் '78' என்ற எண்ணைத் தேடுங்கள்.

மூன்று குடும்பங்கள்... முதலில் எது?

சந்தையில் ஆயிரம் டாரட் இருந்தாலும் பெரும்பாலானவை மூன்று குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவை. வித்தியாசம் புரிய, 'ஃபைவ் ஆஃப் கப்ஸ்' என்ற ஒரே சீட்டை எடுத்துக்கொள்வோம்.

* மார்செய் டாரட்: மூன்றில் பழைமையானது. சீட்டில் ஐந்து கோப்பைகள், சுற்றிலும் பூவும் இலையும். அவ்வளவுதான். மனிதர்கள் இல்லை, சம்பவம் இல்லை. எண்ணையும் இனத்தையும் சேர்த்து யோசித்துத்தான் பொருள் சொல்ல வேண்டும்.

* ரைடர் வெயிட் ஸ்மித்: 1909-ல் லண்டனில் வில்லியம் ரைடர் பதிப்பகம் வெளியிட்டது. அதே சீட்டில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்து நிற்கின்றன. தூரத்தில் ஓர் ஆறு, அதைக் கடக்கப் பாலம், அக்கரையில் ஒரு வீடு. புத்தகம் இல்லாமலேயே உங்களுக்கு ஏதோ புரிகிறது இல்லையா? இழந்ததையே பார்த்துக்கொண்டு, மிச்சம் இருப்பதைப் பார்க்காமல் நிற்கும் மனிதர்.

* தோத் டாரட்: அலிஸ்டர் குரோலி எழுதிய திட்டத்தின்படி ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்தது. இருவரும் இறந்த பிறகு, 1969-ல்தான் சீட்டுக்கட்டாக வெளிவந்தது. அபார ஓவியங்கள். ஆனால் ஜோதிடம், கபாலா எனப் பலவற்றை அடுக்கியிருப்பார்கள். அரசவைச் சீட்டுகளின் பெயர்களும் வேறு. நைட், குயின், பிரின்ஸ், பிரின்சஸ் என்று வரும்.

முதல்முறை கற்பவர்களுக்கு இரண்டாவது குடும்பம்தான் வசதி. படமே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும். அதைவிட முக்கியம், ஆங்கிலத்தில் வந்திருக்கும் அறிமுகப் புத்தகங்களில் மிகப் பல இந்தப் படங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

தொடக்கத்தில் சொன்ன 8, 11 குழப்பம் நினைவிருக்கிறதா? ரைடர் வெயிட் கட்டில் 'வலிமை' 8, 'நீதி' 11. மார்செய் கட்டில் இது அப்படியே தலைகீழ், நீதிதான் 8. அச்சுப்பிழை என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீங்க!

பெயரில் இல்லாத பமீலா

ரைடர் என்பது பதிப்பகத்தின் பெயர். வெயிட் என்பது திட்டத்தை வகுத்த ஆர்தர் எட்வர்ட் வெயிட். அப்படியானால் படம் வரைந்தவர்? அவர் பெயர் பமீலா கோல்மன் ஸ்மித். 1878-ல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதில் சில வருடங்கள் ஜமைக்காவில் வளர்ந்தவர். நியூயார்க்கின் பிராட் கல்லூரியில் ஓவியம் படித்தவர். எண் சீட்டுகளில் ஆட்களையும் காட்சிகளையும் வைத்து, அவற்றைக் கதையாக மாற்றியது அவரது தூரிகைதான். இன்று உலகம் முழுக்க விற்கும் எத்தனையோ டாரட் கட்டுகள் அவர் வரைந்த காட்சிகளின் வேறு வேறு வடிவங்கள்.

அந்த வேலை முடிந்த கையோடு 1909-ல் தன் நண்பரான புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை ஒன்றைச் சொற்பக் காசுக்குச் செய்து முடித்ததாகக் குறிப்பிட்டார் பமீலா. 1951-ல் இங்கிலாந்தின் பூட் என்ற கடலோர ஊரில் அவர் இறந்தபோது கடன்தான் மிச்சம். பெட்டியின் மேல் நெடுங்காலம் அவர் பெயர்கூட இல்லை. இப்போதுதான் பலர் 'ரைடர் வெயிட் ஸ்மித்' என்று அவரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். உங்கள் கையில் அந்தக் கட்டு இருந்தால் சீட்டுகளின் மூலையை உற்றுப் பாருங்கள். கொடி சுற்றியதுபோல் ஒரு சின்னக் கையொப்பம் தெரியும். அது அவருடையது.

எந்தப் பதிப்பு?

ஒரே படங்கள் பல வண்ணங்களில் கிடைக்கின்றன. வழக்கமான மஞ்சள், நீலம் பளிச்சென்று இருக்கும் பதிப்பு எங்கும் கிடைக்கும். கண்ணுக்கு மென்மையான வண்ணம் வேண்டும் என்றால் 'யுனிவர்சல் வெயிட்'. இன்னும் பிரகாசமாக வேண்டும் என்றால் 'ரேடியன்ட் ரைடர் வெயிட்'. பழைய அச்சின் மங்கலான அழகு பிடிக்கும் என்றால், நூற்றாண்டையொட்டி வந்த 'ஸ்மித் வெயிட் சென்டெனியல்'. மூன்றில் எதை எடுத்தாலும் புத்தகத்தோடு பொருந்தும்.

'நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய ஆட்களைப் பார்த்தால் ஒட்டவில்லையே' என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. லிசா ஸ்டெர்லி வரைந்த 'மாடர்ன் விட்ச் டாரட்' அதே காட்சிகளை இந்தக் காலத்து உடையில், பல நிறத்துப் பெண்களை வைத்துச் சொல்கிறது. கிம் க்ரான்ஸின் 'தி வைல்டு அன்னோன்' முழுக்க விலங்குகளும் மரங்களும்தான். ரசிக்க அருமை. ஆனால் காட்சிகள் வேறு என்பதால், இரண்டாவது கட்டாக வாங்குவது நல்லது.

வாங்கும் முன் இதைப் பாருங்க!

* எண் சீட்டுகளின் படம்: விளம்பரத்தில் மேஜர் ஆர்கானா படங்களை மட்டும்தான் காட்டுவார்கள். 'ஃபைவ் ஆஃப் கப்ஸ்', 'சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ்', 'எயிட் ஆஃப் ஸ்வார்ட்ஸ்' ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். போர்வை போர்த்தியவர், படகில் போகும் தாயும் குழந்தையும், கண் கட்டப்பட்ட பெண் இருந்தால் அது ரைடர் வெயிட் குடும்பம்.

* அளவு: வழக்கமான டாரட் சீட்டு 2.75 அங்குல அகலம், 4.75 அங்குல உயரம். நாம் ரம்மி ஆடும் சீட்டைவிட நன்றாகவே பெரிது. சின்னக் கைகளுக்குக் கலைப்பது சிரமம். பாக்கெட் அளவிலும் கிடைக்கும். ஆனால் படத்தின் நுணுக்கம் தெரியாது. கற்பதற்குப் பெரியதே மேல்.

* தாள்: ரொம்ப வழவழப்பு என்றால் கையிலிருந்து நழுவும், விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும். பளபளப்பு இல்லாத மேட் பூச்சு படிக்க வசதி.

* பின்பக்கம்: தலைகீழாக வரும் சீட்டுக்குத் தனிப் பொருள் சொல்வது ஒரு முறை. அதைப் பயன்படுத்த நினைத்தால், எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரியும் பின்பக்கம் வேண்டும். இல்லை என்றால் எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

* போலியா?: புத்தகத்துக்குப் பதில் ஒரு கியூஆர் கோடு, பெட்டியில் பதிப்பகத்தின் பெயர் இல்லை, படம் மங்கல், சீட்டு வழக்கத்தைவிடச் சின்னது, விலை மட்டும் நம்ப முடியாத அளவு கம்மி. இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் உஷார்.

போலியில் என்ன தப்பு என்று கேட்கலாம். வெயிட் 1942-லேயே இறந்துவிட்டார். பமீலா வரைந்த மூலப் படங்களுக்கு பிரிட்டனில் இருந்த காப்புரிமையும், அவர் இறந்து 70 வருடங்கள் ஆனதால், 2021-ம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அதனால் அவற்றைப் பலர் முறையாகவே மலிவாக அச்சிட முடிகிறது. ஆனால் இன்றைய ஓவியர்களின் கட்டு அப்படி அல்ல. 78 படங்களை வரைய மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உழைத்தவருக்குப் போலிக் கட்டிலிருந்து ஒரு பைசாகூடப் போகாது. பமீலாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நம் காசில் நடக்க வேண்டாமே! பட்ஜெட் இடித்தால் எளிய ரைடர் வெயிட் பதிப்பை வாங்குங்கள். புது ஓவியரின் கட்டை அப்புறம் காசு சேர்த்து அசலாக வாங்கிக்கொள்ளலாம்.

'முதல் கட்டை நாமே வாங்கக் கூடாது, யாராவது பரிசாகத் தரணும்' என்று ஒரு பேச்சு உண்டு. எந்த அடிப்படையும் இல்லாத பேச்சு. உங்களுக்குப் பிடித்ததை நீங்களே வாங்குங்க.

புத்தகம்... ஒன்று போதும், ஆரம்பத்தில்!

* முதல் புத்தகம்: ஜோன் பன்னிங் எழுதிய 'லேர்னிங் த டாரட்'. இணையத்தில் இலவசப் பாடமாகத் தொடங்கி, 1998-ல் புத்தகமானது. எளிய ஆங்கிலம், பாடம் பாடமாகப் பிரித்திருப்பார், ஒவ்வொன்றுக்கும் பயிற்சி உண்டு. ஆங்கிலப் புத்தகம் படித்துப் பழக்கம் இல்லாதவர்களும் தைரியமாகத் தொடலாம்.

* இரண்டாவது: ரேச்சல் பொல்லாக் எழுதிய 'செவன்ட்டி எயிட் டிகிரீஸ் ஆஃப் விஸ்டம்'. 1980-லும் 1983-லும் இரண்டு பாகமாக வந்து, பிறகு ஒன்றாகச் சேர்ந்தது. ஒரு சீட்டுக்கு ஏன் அந்தப் பொருள் என்பதைக் கதை, புராணம், உளவியல் வழியே விளக்குவார். மெதுவாகப் படிக்க வேண்டிய புத்தகம்.

* பயிற்சிக்கு: மேரி கிரீர் எழுதிய 'டாரட் ஃபார் யுவர்செல்ஃப்' (1984). மற்றவர்களுக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, உங்களுக்கு நீங்களே பார்த்துக் குறிப்பு எழுதச் சொல்லும் புத்தகம். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

* அகராதி மாதிரி: பெனபெல் வென்னின் 'ஹோலிஸ்டிக் டாரட்' (2015). தலையணை சைஸ். முதல் பக்கத்திலிருந்து படிக்காமல், சந்தேகம் வரும்போது புரட்டிப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

* வரலாற்றுக்கு: ராபர்ட் பிளேஸ் எழுதிய 'தி டாரட்' (2005). ஆழமாகப் போக விரும்பினால், ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மட்டின் 'தி கேம் ஆஃப் டாரட்' (1980). எகிப்துக் கதைகளையெல்லாம் ஆதாரத்தோடு ஓரம்கட்டிய ஆய்வு இது.

வெயிட்டே எழுதிய 'பிக்டோரியல் கீ டு த டாரட்' (1911) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். பழைய ஆங்கிலம், பல இடங்களில் பாதி சொல்லிவிட்டு மீதியை மறைத்துக்கொள்வார். நாலு மாதம் கழித்துப் படித்தால் ருசிக்கும்.

புத்தகத்தை வாங்கும் முன், அதில் எந்தக் கட்டின் படங்கள் இருக்கின்றன என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். உங்கள் கட்டும் அதுவும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

முதல் 78 நாட்கள்

தினமும் ஒரு சீட்டு. 78 சீட்டு என்றால் 11 வாரமும் ஒரு நாளும். காலையில் ஒரு சீட்டை எடுங்கள். புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு நிமிடம் படத்தை மட்டும் பாருங்கள். யார் இருக்கிறார், எங்கே பார்க்கிறார், கையில் என்ன, வானம் எப்படி இருக்கிறது? தோன்றியதை நோட்டில் நாலு வரி எழுதுங்கள். அதன் பிறகு புத்தகத்தைப் படித்து, புதிதாகத் தெரிந்ததைக் கீழே சேருங்கள். எடுத்த சீட்டைத் தனியாக வைத்துவிட்டால், கட்டு முடியும்போது எல்லாச் சீட்டையும் ஒருமுறை சந்தித்திருப்பீர்கள்.

பிறகு மூன்று சீட்டு வைத்துப் பாருங்கள். நிலைமை, தடை, அடுத்து யோசிக்க வேண்டியது என்று மூன்று இடங்கள் போதும். வெயிட் தன் புத்தகத்தில் கொடுத்த 'கெல்ட்டிக் கிராஸ்' முறைக்குப் பத்து சீட்டுகள் வேண்டும். அதற்கு அவசரப்பட வேண்டாம். தலைகீழ்ச் சீட்டுகளையும் ஆரம்பத்தில் நேராகத் திருப்பியே வையுங்கள்.

கேள்வியும் முக்கியம். 'இந்த வேலை கிடைக்குமா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்பதோடு முடிந்துவிடும். 'இந்த இன்டர்வியூவில் எனக்கு எது பயமாக இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். சீட்டு ஒரு பேச்சைத் தொடங்கி வைக்கும்.

பயமுறுத்தினால் எழுந்து வந்துடுங்க!

கற்றுக்கொள்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. உங்களை யாரும் எளிதில் பயமுறுத்த முடியாது. 'மரணம்' சீட்டு விழுந்ததும் பதறும் ஆளிடம், 'கண்டம் இருக்கு, பரிகாரம் பண்ணணும்' என்று பணம் கேட்பது சுலபம். அந்தச் சீட்டை முழுசாகப் பார்த்தவருக்குத் தெரியும்: வெள்ளைக் குதிரையில் வரும் எலும்புக்கூட்டுக்குப் பின்னால், தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஒரு சூரியன் இருக்கிறது. ஏதோ ஒன்று முடிந்து, வேறொன்று தொடங்குவதைத்தான் அது சொல்கிறது என்று புத்தகங்கள் எழுதுகின்றன. யாரும் சாகப் போவதாக அர்த்தம் இல்லை.

அதே நியாயம் உங்களுக்கும். தோழிகள் 'எனக்கும் பாரேன்' என்று வருவார்கள். நோய், கர்ப்பம், கோர்ட் கேஸ், முதலீடு பற்றிக் கேட்டால் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, மருத்துவரையோ வழக்கறிஞரையோ பார்க்கச் சொல்லுங்கள். அங்கு இல்லாத மூன்றாவது நபரைப் பற்றி, 'அவர் மனசுல யாரு இருக்காங்க' என்பது போன்ற கேள்விகளுக்கும் பதில் சொல்லாதீர்கள். ஒருவர் மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும்போது நாம் விளையாட்டாகச் சொல்லும் ஒரு வார்த்தையும் அவருக்கு வருடக்கணக்கில் நினைவிருக்கும். தொடர்ந்து தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், சீட்டு வேண்டாம். அவர்கூட இருந்து மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மொத்தத்தில் இப்போதைக்கு நீங்கள் வாங்க வேண்டியது மூன்றே பொருள்தான். எளிய ரைடர் வெயிட் ஸ்மித் கட்டு ஒன்று, அதே படங்கள் உள்ள அறிமுகப் புத்தகம் ஒன்று, நூறு பக்க நோட்டு ஒன்று. பூனை டாரட்டும் டிராகன் டாரட்டும் எங்கேயும் போய்விடாது. நோட்டு நிறைந்த பிறகு, உங்களுக்கு நீங்களே ஒன்றைப் பரிசளித்துக்கொள்ளுங்கள்!